தூளி கட்டும் வீட்டு ஆண்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளிலும், இனி வரப்போகிற வீடுகளிலும் உள்ள அப்பாக்களுக்கு, தாத்தாக்களுக்கு, மாமா சித்தப்பாக்களுக்கு,

வணக்கம். நான் அயனாவரத்தில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னராக முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். பத்தொன்பது வயதில் பட்டறை வாசல் டீக்கடையில் ஆரம்பித்த சிகரெட்டை ஐம்பத்தொன்பதில் விட்டேன். நடுவே இருந்த நாற்பது வருடத்தில் ‘உடம்பு கெட்டுப்போகும், விட்டுவிடு’ என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ‘குழந்தை இருக்கிற வீட்டில் பிடிக்காதே’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஏன் யாரும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்த நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் பேத்தி 2017 ஆவணியில் பிறந்தாள். மருமகளுக்குத் தாய்வீடு செய்யாறு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அங்கே போனவள், குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது நல்ல நாள் பார்த்து இங்கே வந்தாள். என் மனைவியின் பழைய நூல் புடவையை எடுத்து ஹால் கூரைக் கொக்கியில் தூளி கட்டினோம். என் மகன் ஆடியதும் அதே கொக்கியில்தான்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தூளி உள்ளறைக்குப் போயிருந்தது. அந்த அறையில் காற்று வராது. பக்கத்திலேயே பீரோ. அதில் இடிக்காமல் ஆட்ட வேண்டுமானால் ஒரு கையால் தூளியைப் பிடித்துக்கொண்டேதான் ஆட்ட வேண்டும். “ஏம்மா, ஹால்லதானே காத்து வரும்?” என்று கேட்டேன். “இங்க சத்தம் இல்ல மாமா, நல்லா தூங்குறா” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் பால்கனிக் கதவு, அந்த ஹால் கொக்கியிலிருந்து ஏழடி தூரம். இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வீட்டுக்குள் பிடிப்பதில்லை, பால்கனியில்தானே பிடிக்கிறோம் என்று என்னை ரொம்பவும் ஜாக்கிரதையான தாத்தாவாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் குழந்தைக்குச் சளி பிடித்தது. முதலில் மூக்கொழுகல், அப்புறம் இருமல். மூன்றாம் நாள் ராத்திரி பால் குடிக்க முடியவில்லை. இரண்டு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி உறிஞ்சுவாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே வயிறு குழிவாக உள்ளே இழுத்தது. மூக்கு நுனி விரிந்து விரிந்து சுருங்கியது. நெஞ்சில் கைவைத்தால் உள்ளங்கையில் பூனை உறுமுவதைப் போல இருந்தது. (இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்துக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.)

ஆட்டோவில் போய் இறங்கினோம். மகனும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்குக் கை நடுங்கியது. பயத்தில் வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். டாக்டர் ஒரு பெண், என் மகன் வயது இருக்கும். எத்தனை நாளாகக் காய்ச்சல், தாய்ப்பாலா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், “வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?” என்றார்.

“இல்ல மேடம்” என்றாள் மருமகள்.

நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

மாமனாரின் மானத்துக்காக ஒரு தாய், மூச்சுவிட முடியாமல் கிடக்கிற தன் குழந்தையின் டாக்டரிடம் பொய் சொன்னாள். அவள் மீது ஒரு குற்றமும் இல்லை. அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளை நிறுத்தியவன் நான். தூளி ஏன் உள்ளறைக்குப் போனது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது.

யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் உங்களிடம் இதை யார் சொல்ல முடியும்? மருமகள் மாமனாரிடம் சொல்ல முடியாது. புதிதாக வந்த பெண் கணவனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். ‘பால்கனியிலதானே பிடிக்கிறேன்’ என்று ஒரு அதட்டல் வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்வாள். மாமியாருக்கு நாற்பது வருடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருக்கும். பெண்ணைக் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளையிடம் வாயே திறக்க மாட்டார்கள். மகன் அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவனும் தெருமுனைக் கடையில் நின்று பிடிக்கிறவனாக இருப்பான். மிச்சம் இருப்பது குழந்தை. அதற்கு இருமத்தான் தெரியும். அதனால் யாராவது சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை என்றால், யாருக்கும் கஷ்டம் இல்லை என்று அர்த்தமில்லை.

பேத்தி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், அது நழுவாமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. மூன்றாம் நாள் கொஞ்சம் தேறியதும் அந்த டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். “மேடம், அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னது பொய். நான் பிடிப்பேன்” என்றேன். “தெரியும் ஐயா, உட்காருங்க” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொறுமையாக ஒரு கால் மணி நேரம் பேசினார். அன்று கேட்டதையும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னது, இந்த நோயைக் கொடுத்தது நான் இல்லை என்பது. நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்களை வீங்கவைத்துச் சளியால் அடைக்கும் ஒரு வைரஸ் அது. எந்த வீட்டுக் குழந்தைக்கும் வரும். ஆனால் புகை இருக்கிற வீட்டுக் குழந்தைக்கு அது வருவதும் அதிகம், வந்தால் படுத்துவதும் அதிகம். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. சளியையும் தூசியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை பட்டால் அவை சோர்ந்துபோகின்றன. ஏற்கெனவே நூலளவு இருக்கிற குழாயில் சளியும் தேங்கினால் மூச்சுக்கு எங்கே வழி? சளி மட்டுமில்லை. காதில் சீழ் கட்டுவது, வளர்ந்த பிறகு வருகிற வீசிங், இவையும் புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கே அதிகம்.

அப்புறம் மூச்சுக் கணக்கைச் சொன்னார். நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை விடும். ஒரே அறை, ஒரே காற்று. உடம்பு எடையோடு சேர்த்துப் பார்த்தால் நம்மைவிடக் குழந்தைதான் அதிகக் காற்றை இழுக்கிறது. நமக்காவது எழுந்து வெளியே போகக் கால் இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. அறைக்குள் நிற்கிற புகையில் பெரும்பகுதி நாம் இழுத்து ஊதியது இல்லை. இரண்டு இழுப்புக்கு நடுவே விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது அது. அதற்கு ஃபில்டர் கிடையாது. அந்தப் புகையில் 7000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்றும் கண்டறிந்திருக்கிறார்கள். பீடி வெறும் இலைதானே என்று நினைக்கிற தாத்தாக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உள்ளே இருப்பது அதே புகையிலை.

இதில் ஒன்றைச் சொல்ல எனக்கே நாக்கு வரவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. எந்த நோயும் இல்லாமல், தூங்கப் போட்ட குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது உண்டு. பிறந்து ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள்தான் இது அதிகம் நடக்கிறது. புகை உள்ள வீட்டில் இந்த ஆபத்து கூடுகிறது. புகைபிடிக்கிறவர் பக்கத்தில் ஒரே படுக்கையில் குழந்தை படுத்தால் இன்னும் கூடுகிறது. நம் வீடுகளில் பாய் விரித்து அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்றுதான் படுக்கிறோம். குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்குவது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும். சிகரெட்டை விடுகிற வரைக்கும் நீங்கள் தள்ளிப் படுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

பால்கனிக்கு வருகிறேன். எங்கள் பால்கனி கிழக்கு பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும், அதற்காகவே கதவைத் திறந்துவைப்போம். நான் வெளியே ஊதியதையெல்லாம் அந்தக் காற்று திரும்ப ஹாலுக்குள் தள்ளியிருக்கிறது. ஃபேனைப் போட்டால் புகை போய்விடாது, நாலு மூலைக்கும் பரவும். ஏசி இருந்தால் இன்னும் மோசம். நம் வீடுகளில் சுவரில் மாட்டுகிற ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. பாத்ரூமில் பிடித்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும் போதாது. அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று பிடித்தால் மேல் வீட்டுத் தூளிக்கு வருகிறது. இத்தனை புகை வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என 2006-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையாகவே வெளியிட்டார்.

தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருகிறவர்களும் கவனியுங்கள். நான் அப்படியும் செய்து பார்த்தவன். கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடம் நம் மூச்சில் புகை வந்துகொண்டே இருக்கும். சட்டையில், மீசையில், விரலில் ஒட்டியது இன்னும் நெடுநேரம் இருக்கும். அந்தச் சட்டையின் தோளில்தான் குழந்தை முகத்தைப் புதைக்கிறது, அந்த விரலைத்தான் பிடித்துச் சப்புகிறது.

சுவரில் ஒட்டுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். பேத்தி வீடு திரும்பிய பிறகு ஹாலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று சுவர்க் காலண்டரைக் கழற்றினோம். அதற்குப் பின்னால் சதுரமாக வெள்ளைச் சுவர். சுற்றிலும் இருந்ததெல்லாம் டீ வடிகட்டிய துணியின் நிறம். பால்கனிக்குப் போவதற்கு முன்பு நான் வருடக்கணக்காக அந்த ஹாலில் உட்கார்ந்து ஊதியது அது. அப்படிப் படிந்த நிக்கோட்டின் சும்மா இருப்பதில்லை, வீட்டுக் காற்றில் இருக்கும் வேறு வாயுக்களோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறுகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. தவழ்கிற குழந்தை தரையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, கையை வாயில் வைக்கிறது. அன்று சோப்புத் தண்ணீர் வைத்து நாங்கள் துடைத்த துணியைப் பிழிந்தபோது வந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பொது இடத்தில் பிடிக்கக் கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2003-இல் சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் அப்படிப் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். அதனால்தான் பஸ்ஸில் இப்போது யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்க வேண்டியிருக்கிறது என்றவர்கள் 38.7 சதவீதம். அது 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுச் சேர்த்த கணக்கு. தூளியில் கிடப்பவர்கள் அதில் இல்லை. எந்த இன்ஸ்பெக்டரும் உங்கள் ஹாலுக்கு வரப்போவதில்லை. அங்கே சட்டம் போடக் கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

இதற்கு நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அப்புறம் பெண் தாய்வீடு போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புகிறாள். ஆக, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் குறைந்தது நான்கு மாதம், பல வீடுகளில் ஆறேழு மாதம் கையில் இருக்கிறது. இந்த நாட்களில் நாம் தொட்டில் பார்க்கிறோம், கொசுவலை வாங்குகிறோம், பெயர் தேடுகிறோம். நான் அந்த ஐந்து மாதத்தை வீணாக்கினேன், நீங்கள் வீணாக்காதீர்கள். வளைகாப்பு அன்றைக்கே வீட்டுக்குள் கடைசி சிகரெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் துவைத்து, சுவரைத் துடைத்து, முடிந்தால் வெள்ளையடித்துக் குழந்தையை வரவேற்கலாம். அதற்கு முன்பே நிறுத்தினால் இன்னும் நல்லது. கர்ப்பிணி சுவாசிக்கும் அடுத்தவர் புகை வயிற்றுக் குழந்தையின் எடையைக் குறைக்கிறது. பெண் வீட்டாருக்கும் இது பொருந்தும். பிறந்த முதல் மூன்று மாதம் குழந்தை இருப்பது அங்கேதான், அங்கேயும் ஒரு தாத்தா இருக்கிறார்.

வெளியே போய்விட்டு வந்தால் கைகால் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் தூக்குவோம். அந்தப் பழக்கத்தையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். விடுகிற வரைக்கும், தெருவில் பிடித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் வெளியே நின்று, வாய் கொப்பளித்து, கை முகம் கழுவி, சட்டை மாற்றி, அப்புறம் தூக்குங்கள். இது பாதி வைத்தியம்தான். முழு வைத்தியம் விட்டுவிடுவது. (இந்த இடத்தில் பாட்டிகளிடமும் ஒரு வார்த்தை: குளிப்பாட்டி முடித்து முகத்துக்கு நேரே காட்டும் சாம்பிராணியும், மூடிய அறையில் கொளுத்தும் கொசுவத்திச் சுருளும் புகைதான். கொசுவலை போதும். தலை துவட்ட நல்ல துண்டு போதும்.)

விடுவது கஷ்டம். கஷ்டமில்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இரண்டு தடவை தவறியது. முதல் தடவை ஒன்பது நாள், அடுத்தது பொங்கல் வரைக்கும். மூன்றாவது தடவை, அந்த டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன்: 1800-11-2356. அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். இப்போது சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். முதல் சில நாள்தான் மிகவும் கடினம், இரண்டு மூன்று வாரத்தில் தணியும் என்றார்கள். அந்த ஆசை வரும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் அதுவே இறங்கிவிடும் என்றும் சொன்னார்கள். அப்படித்தான் இருந்தது. எனக்கு ஆபத்தான நேரம் சாயங்காலம் ஆறு மணி டீ. ஆறு மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை, கடை வாசலில் புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றைப் பார்த்தாலே கை தானாகப் போகும். வாயில் சோம்பு போட்டுக்கொண்டு பேத்தியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தேன். முடியாதவர்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. டாக்டரைக் கேட்டு அளவாக எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இளம் அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். புதன்கிழமை தடுப்பூசிக்கு மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் யாராவது பிடிக்கிறார்களா என்று நர்ஸ் அவளிடம் கேட்பதற்கு முன்னால், ‘நான் பிடிக்கிறேன் சிஸ்டர், விட என்ன செய்யணும்’ என்று நீங்களே கேட்டுவிடுங்கள். உங்கள் அப்பா பிடிக்கிறவராக இருந்தால் அவரிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். அதை உங்கள் மனைவி தலையில் கட்டாதீர்கள்.

இந்த மடலை வெளியே அனுப்புவதற்கு முன் மருமகளிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அவள் சம்மதிக்க வேண்டும் அல்லவா. அடுப்படியில் நின்றபடியே முழுதும் படித்தாள். “ஒண்ணு மட்டும் தப்பா இருக்கு மாமா. தூளிய ஒரு வாரம் கழிச்சு மாத்தல. வந்த அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டேன். நீங்க பார்த்ததுதான் ஒரு வாரம் கழிச்சு” என்றாள்.

இப்படிக்கு,
அயனாவரத்திலிருந்து ஒரு தாத்தா